என் டப்பாவில் இருந்த கோதுமை

“வெள்ளைக்காரங்க வூட்டு அடுப்ப ஊதி ஊதி எங்க மூஞ்சி கருத்தது போதாதா? பள்ளிக்கூடம் போயும் கடைசில நீ அடுப்பாண்டதான் வந்து நிக்கப்போறியா? அதுவும் நடுத்தெருவுல! ஒரு நாளாவது கோதுமைய ஆக்கியிருக்கியாடி நீ?”

உணவு இலாகாவில் எனக்கு வேலை கிடைத்த அன்று அத்தை இப்படிக் கேட்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தவள். அப்பா ஜட்கா வண்டி ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தின் படியேறியவள் நான்தான். அந்தத் திமிரில் அத்தைக்கு இங்கிலீஷில் பதில் சொன்னேன். பங்களாவில் கேட்டுக் கேட்டு அவளுக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாகப் புரியும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

போன மாதம் அந்த வேலையை விட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் என்னை மடக்கிக்கொண்டார்கள். “ஏன் அக்கா விட்டீங்க? மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. நாங்க தெரிஞ்சுக்க வேண்டாமா?” என்றார்கள். வாயால் சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்றவர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுத வேண்டியதைத் தலையில் ஒரு நரைகூட இல்லாத நான் எழுதுகிறேன்.

கோதுமை எனக்கு முதலில் ஒரு சொல்லாகத்தான் அறிமுகம். போதகர் பிரசங்கத்தில் அடிக்கடி வரும். நிலத்தில் விழும், களைகளோடு வளரும், களஞ்சியத்தில் சேரும். அது எவ்வளவு உயரம் வளரும், என்ன நிறத்தில் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அரிசி. அரிசி இல்லாவிட்டால் ராகி. பேக்கரி ரொட்டியைக் கோதுமையோடு சேர்த்து நினைத்ததே கிடையாது. ரொட்டி ரொட்டிதான்.

யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோனது. ரேஷன் கடைகளில் அரிசியைக் குறைத்து, அந்த இடத்தில் கோதுமையை அளந்து போட்டார்கள். மாவாக அல்ல, முழு மணியாக. எங்கிருந்தோ கப்பலில் வந்த கோதுமை. கியூவில் நின்றவர்கள் அதைக் கன்னடத்தில் கோதி என்றார்கள், உருதுவில் கேஹூங் என்றார்கள், தமிழில் சனியன் என்றார்கள். அரிசியைப் போல உலையில் போட்டு, வேகவில்லை என்று கோழிக்கு இறைத்தார்கள். அதைச் சமைக்கச் சொல்லிக் கொடுக்கத்தான் எங்களை எடுத்தார்கள்.

பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கிடங்கின் பின்கட்டில் புகையில் கண் எரிய நின்றோம். அடை, உப்புமா, கஞ்சி என்று செய்தோம், தின்றோம், எழுதினோம். சொல்ல வேண்டியது எங்கள் கண்காணிப்பாளர் மிஸ் தேவசகாயத்தைப் பற்றித்தான்.

அவர் முன்பு ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை. கடிகாரத்தைக் கையில் கட்டாமல் தோளில் புடவையோடு சேர்த்து ஊக்கில் மாட்டியிருப்பார். நாங்கள் தெருவில் சமைக்கும்போது முன்னால் நிற்க மாட்டார். கூட்டத்துக்குப் பின்னால், பெண்களோடு பெண்ணாக, குடையை ஊன்றி நிற்பார். நான் அதிகம் பேசினால் குடையின் நுனி தரையில் ஒரு முறை தட்டும். “அடுப்பு பேசட்டும், எஸ்தர்” என்பார் பிறகு. எல்லோரும் போனதும் ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பார்ப்பார். அந்த ஸ்பூனைத் தானே கழுவி, கைக்குட்டையால் துடைத்து, பையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு குறை சொல்வார். குறை ஒன்றும் சொல்லாத நாள் எனக்குப் பண்டிகை.

அவர் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். தெருவுக்குப் போவதற்கு முந்தின நாளே கோதுமையைக் கழுவி, தோல் லேசாக வெடிக்கும்வரை வேகவைப்போம். வடித்து, கிடங்கின் மாடியில் மல் துணி விரித்துப் பரப்புவோம். பெங்களூர் வெயில் போதாத நாட்களில் அடுப்பின் மேல் தட்டில் வாட்டுவோம். காய்ந்ததும் கல்லைப் போல இறுகி, வேகவைக்காத பச்சைக் கோதுமையைப் போலவே ஆகிவிடும். கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இதை டப்பாவில் போட்டு எடுத்துப் போய், எல்லோர் எதிரிலும் திருகையில் உடைத்துக் கொதிநீரில் போட்டால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டாமல், சோற்றைப் போல உதிரியாக வரும். பச்சைக் கோதுமையை அப்படி உடைத்துப் போட்டால் மேலே பசையாகும், உள்ளே கல்லாக இருக்கும்.

“முன்னாடியே வேக வெச்சதுன்னு சொல்ல வேண்டாமா மேடம்?” என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டேன்.

“விறகு விக்கிற விலையில ரெண்டு தடவ அடுப்பு மூட்டணும்னு சொன்னா எவ வாங்குவா? முதல்ல வாயில வைக்கட்டும். பழகட்டும். சோறு இல்லாத ஊர்ல எல்லாத்தையும் முதல் நாளே சொல்லிட முடியாது.”

“பொய் ஆகாதா?”

“முன்னேற்பாடு” என்றார்.

எனக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. அதுதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது. நான் ஏமாறவில்லை. கேட்டேன், பதில் கிடைத்தது, டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அல்சூரில் ஏரிப் பக்கம் ஒரு தெரு எனக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். வாராவாரம் ரேஷன் கடை வாசலில் அடுப்பை வைப்பேன். நீலக் கரைப் புடவை, காலில் செருப்பு, கையில் டப்பா. “டீச்சரம்மா வந்துட்டாங்க” என்பார்கள். என்னைவிட இருமடங்கு வயதானவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். டப்பாவைத் திறந்து ஒரு கை அள்ளி, மணிகள் விரல் இடுக்கில் சரிய விடுவேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

அந்தத் தெருவில் பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள். கணவருக்கு மில்லில் வேலை. நான் செய்து காட்டியதை வரி தவறாமல் வீட்டில் செய்து பார்ப்பவள் அவள் ஒருத்திதான். ஒரு வாரம் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கேட்டாள்: “டீச்சரம்மா, உங்களுதாட்டம் எனக்கு வர்லியே? களியும் இல்ல, சோறும் இல்ல, நடுவுல நிக்குது.”

“ஊற வெச்சீங்களா?”

“வெச்சேனே.”

“எவ்வளவு நேரம்?”

அவள் யோசித்தாள். வீட்டில் கடிகாரம் இல்லாதவள் எதைப் பார்த்துச் சொல்வாள்? “காலைல மில்லு சங்கு ஊதச்சொல்ல போட்டேன்…” என்று ஆரம்பித்தாள்.

“அதான்” என்றேன் நான். “படிச்சிருந்தா நேரம் பாக்கத் தெரியும். நேரம் பாத்தா தானா வேகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. பின்னாலிருந்து குடை தட்டும் சத்தம் கேட்டது. அதிகம் பேசிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். அவளுடைய கோதுமை ஏன் வேகவில்லை என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருத்தி நான்.

அதே தெருவில் அலமேலு அம்மாள் வீட்டில் கல்யாணம் வந்தது. மகள் கமலாவுக்கு ஓசூரில் மாப்பிள்ளை. அடுப்பை அணைத்துச் சாமான்களைக் கட்டும்போது அலமேலு அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா, நவதானியத்துல எட்டு சேந்துடுச்சு. கோதுமதான் ஆப்புடல. கடைல போட்டதெல்லாம் சொத்தையும் தூசியுமா இருக்கு. எங்க பங்க ஏற்கனவே ஒடச்சாச்சு. உன் டப்பால முத்து முத்தா இருக்கே, கல்யாணத்துக்கு ஒரு பிடி குடேன்.”

“இதைவிட நல்ல கோதுமை பெங்களூர்லயே கிடைக்காதும்மா” என்று சொல்லி, ஒரு பிடி கேட்டவருக்கு இரண்டு பிடி கொடுத்தேன். என் கோதுமை ஒரு கல்யாணத்துக்குப் போகிறது என்று மனம் நிறைந்தது. நவதானியம் என்றால் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைப்பது என்று நினைத்தேன். கிறிஸ்தவச் சபையில் வளர்ந்தவள், அதை மண்ணில் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். டீச்சரம்மா யாரையும் எதையும் கேட்பதில்லை.

அடுத்த முறை நான் போனபோது கடை வாசலில் கூட்டம் இல்லை. எல்லோரும் அலமேலு அம்மாள் வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டது. அடுப்பும் திருகையும் ஏற்றிய கைவண்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

முற்றத்தில் ஒன்பது மண் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. அந்த வீட்டு வழக்கப்படி ஒவ்வொரு தானியத்துக்கும் ஒரு பாலிகைக் கிண்ணம். கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிகள் விதைத்துத் தண்ணீர் தெளித்து வருவார்கள். முளைகள் தளதளவென்று வந்தால் குடும்பம் தழைக்கும் என்பது நம்பிக்கை. பயறு கொடி விட்டிருந்தது. எள்கூட இலை காட்டியிருந்தது. ஒரு கிண்ணத்தில் மட்டும் வெறும் மண். அதன் மேல் வெள்ளையாகப் பூஞ்சை.

வரிசைத் தட்டோடு வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா அந்தக் கிண்ணத்தின் எதிரில் நின்றுகொண்டிருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“கோதும சூரியனுக்கு உண்டானது. எட்டும் கண்ணு தொறந்து சூரியன் மட்டும் தொறக்கலன்னா, தெரிஞ்சே எப்டிம்மா எங்க புள்ளய மணையில ஒக்கார வைக்கறது? ஊருக்குப் போய்ப் பெரியவங்கள கேட்டுட்டுச் சொல்லி அனுப்பறோம்.”

கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கமலா கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவளுடைய விரல்கள் மட்டும் கதவு நிலையைப் பிடித்திருப்பது தெரிந்தது.

அலமேலு அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “டீச்சரம்மா, நல்ல கோதுமன்னுதானே குடுத்த? நீயே சொல்லும்மா, அவங்களுக்குச் சொல்லு. நல்லதுதானே?”

மண்ணில் போட்டிருக்கிறார்கள். அது புரிந்த நொடியிலேயே மற்றதும் புரிந்துவிட்டது. வெந்தது எப்படி முளைக்கும்? சொன்னால் கமலா தப்பிப்பாள். சொன்னால் அந்த முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வாராவாரம் நான் செய்து காட்டியது என்னவென்று தெரிந்துவிடும். உடனே சொன்னேன் என்று எழுத ஆசை. உடனே சொல்லவில்லை. “மண்ணு சரியில்லையோ என்னமோ” என்றேன் முதலில். என் காதிலேயே அது விழுந்தது. பாக்கியத்திடம் பேசிய அதே குரல்.

கதவுக்குப் பின்னால் இருந்த விரல்கள் உள்ளே போய்விட்டன.

“அது வெந்த கோதுமைம்மா” என்றேன். “நாங்க முன்னாடியே வேக வெச்சுக் காய வெச்சது. எந்த மண்ணுல போட்டாலும் முளைக்காது. பொண்ணு மேல ஒண்ணும் இல்ல.”

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லாருக்கே! பொண்ணு வூட்டுக்காரங்க ஆள் வெச்சு சொல்லச் சொன்னாங்களா? வெந்தது இன்னாத்துக்கு இப்டிக் கல்லாட்டம் இருக்கு?”

நிரூபிக்கப் பச்சைக் கோதுமை வேண்டும். யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். யாரும் அசையவில்லை. பாக்கியம்தான் வீட்டுக்குப் போய், அந்த வார ரேஷனைப் பையோடு கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

அடுப்பை முற்றத்துக்கே கொண்டுவந்தேன். இரண்டு பாத்திரங்கள், ஒரே அளவு தண்ணீர். என் கோதுமையையும் பாக்கியத்தின் கோதுமையையும் தனித்தனியாகத் திருகையில் உடைத்தேன். உடைந்ததைப் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். பாக்கியத்தினுடையது உள்ளே மாவாக வெளுத்திருந்தது. வெந்து காய்ந்த என்னுடையது கண்ணாடிச் சில்லு போல இருந்தது. பிறகு இரண்டையும் உலையில் போட்டேன். அன்று அடுப்புதான் பேசியது. என்னுடையது பூப்பூவாக மலர்ந்து உதிர்ந்தது. அவளுடையது பசையாகக் கொதித்துத் தெறித்தது. கரண்டியில் எடுத்துக் கடித்தால் நறுக்கென்றது.

பெரியம்மா இரண்டையும் தின்று பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் இளகியது. “அட கஷ்டமே! சோத்தக் கொண்டாந்து விதச்சுட்டு மொளக்கலன்னு அழுதுங்கெடக்கீங்க!” என்றார். சிலர் சிரித்தார்கள். அலமேலு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாக்கியத்தின் பையிலிருந்தே நல்ல மணியாகப் பொறுக்கி அந்தக் கிண்ணத்தில் புதிதாக விதைத்தார். “மொளச்சா சேதி அனுப்புங்க, நாங்க கெளம்பி வரோம்” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா காபி குடிக்க உட்கார்ந்தார்.

தெருப் பெண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் இரண்டு பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப எங்க கோதும எப்பவுமே இப்டித்தான் வெந்திருக்கும்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆமா.”

“உனக்குத் தெரியும்?”

“தெரியும்.”

பாக்கியம் பையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: “அவரு தட்ட வீசியடிச்ச அன்னிக்கு, தப்பு எம்மேலதான்னு அவருகிட்ட நானே சொன்னேன். படிக்கல இல்ல, நேரம் பாக்கத் தெரியலன்னு சொன்னேன்.”

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் பாத்திரங்களைக் கழுவினேன். அவளுடைய கோதுமை பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

மிஸ் தேவசகாயம் அன்று வரவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். திட்டவில்லை. “ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்க. நல்லது. அந்தத் தெருவுல இனிமே ஒருத்தியும் கோதுமை வாங்க மாட்டா. அவங்களுக்கு அரிசி கூடப் போடுவாங்கன்னு நெனைக்கறியா?”

அவர் சொன்னது சரிதான். அடுத்த ரேஷனில் அந்தக் கடையில் கோதுமை மூட்டை அப்படியே நின்றது. அரிசி ஒரு பிடிகூட ஏறவில்லை. வாங்காதவர்கள் அந்த அளவுக்குக் குறைவாகச் சாப்பிட்டார்கள். பொய் சொன்னபோது எனக்கிருந்த வெட்கம் ஒன்று. உண்மை சொன்னதால் ஒரு தெருவே அரை வயிற்றோடு படுத்ததைப் பார்த்தபோது வந்த வெட்கம் இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

“திங்கட்கிழமை வேற தெரு தரேன்” என்று மேடம் அன்று அந்தப் பேச்சின் முடிவில் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நிரம்பியிருந்தது. கறுத்து, பளபளப்பாக.

“மேலே ஒரு சீட்டு ஒட்டட்டுமா மேடம்? வேக வெச்சுக் காய வெச்சதுன்னு?”

அவர் தோளில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். “உனக்கு வயசு இருக்கு எஸ்தர். எனக்கு இந்த வருஷம் முடியறதுக்குள்ள இந்த ஊர் ஜனங்க கோதுமை தின்னணும்” என்றார். அதிலும் பொய் இல்லை. டப்பாவை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை. அத்தை மட்டும், “அப்ப அடுப்பு வேலயும் போச்சா?” என்றாள்.

கல்யாணத்துக்குப் போனேன். கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் கிண்ணத்தைப் பார்க்கத்தான் முதலில் போனேன். ஊசி ஊசியாக, நெருக்கமாக, இளம்பச்சையில் நின்றது. பிரசங்கத்தில் கேட்ட நாளிலிருந்து எத்தனையோ தடவை அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறேன், மூட்டை மூட்டையாகச் சமைத்தும் காட்டியிருக்கிறேன். கோதுமையை உயிரோடு பார்த்தது அன்றுதான். அது பாக்கியத்தின் ரேஷன். யாரும் அதை அங்கே சொல்லவில்லை. பாக்கியம் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். என் இலைக்கும் வந்தாள், சோறு வைத்தாள், அடுத்த இலைக்குப் போனாள்.

பந்தி முடிந்ததும் அலமேலு அம்மாளிடம், வாடகைக்கு எடுத்த கல்யாண அண்டாவை உடனே திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனேன். மேடத்தின் முறையில் குற்றம் இல்லை, மறைத்ததுதான் குற்றம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தடவை அடுப்பு மூட்டினால் விறகுச் செலவு கட்டாது. எல்லோருடைய கோதுமையையும் ஒரே அண்டாவில், ஒரே நெருப்பில் வேகவைத்து, அலமேலு அம்மாள் வீட்டு மாடியில் காயவைத்துப் பங்கு போட்டால் கட்டும். இதைத்தான் வாசலில் நின்று சொன்னேன்.

“இந்தத் தடவ டப்பால இன்னா கொணாந்திருக்க?” என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இன்னொருத்தி கதவைச் சாத்தினாள். பாக்கியம் கதவைச் சாத்தவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தில் ராகியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். “மன்னிச்சிடுங்கக்கா” என்றேன். டீச்சரம்மா அந்தத் தெருவில் யாரையும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. “வேல கெடக்குது” என்றாள்.

நேற்று காலை அண்டாவை ஏற்றினேன். ஐந்தாறு வீட்டுக் கோதுமைதான் வந்திருந்தது. அத்தை தானாக வந்து, நான் மூட்டிய நெருப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்து, விறகை இழுத்துத் திருத்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பாக்கியம் அக்கா வரவில்லை. அவளுடைய பங்குக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் ஊற்றியிருந்தேன்.